ஓகிஃபெனோக்கி சதுப்பில் நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

அட்லாண்டாவிலிருந்து நவம்பரில், அமாவாசையை ஒட்டிய ஒரு வார இறுதியில், தெற்கு ஜார்ஜியாவின் ஓகிஃபெனோக்கி சதுப்புக்காட்டில் இருக்கும் இருள்வானப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒன்பதும் பன்னிரண்டும் வயதான இரண்டு பிள்ளைகள், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் அம்மா. முதலை பயம், கொசு பயம், டெலஸ்கோப் வாங்க வேண்டுமா என்ற குழப்பம், பால்வீதி படங்களில் இருப்பதுபோலத் தெரியுமா என்ற ஆசை, எல்லாம் சேர்ந்த கேள்வி. நான் அங்கே ஆறேழு முறை போய்த் தங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போகலாம். நவம்பர் நல்ல மாதம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தடித்த, புகை மண்டியதுபோலக் கிளைவிட்டு நிற்கும் பால்வீதியின் நடுப்பகுதியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது தனுசு ராசிப் பக்கம் இருப்பது. நவம்பரில் சூரியனை ஒட்டியே மறைந்துவிடும். நவம்பர் மாலையில் உங்கள் தலைக்குமேல் போவது பால்வீதியின் வெளிப்பக்கக் கை. மெல்லியதாக, ஆனால் கிழக்கிலிருந்து மேற்குவரை அறுபடாமல் இருக்கும். அட்லாண்டா புறநகரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே முதல் தடவை என்றால் போதும் போதும் என்று இருக்கும். நடுப்பகுதிதான் வேண்டுமென்றால் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஒரு முறை தனியாகப் போங்கள். விடிகாலை நாலரை மணிக்குத் தென்கிழக்கில் மரங்களுக்குமேல் ஏறி நிற்கும், கொசுவும் அப்போது குறைவு. ஜூன், ஜூலையில் அது இரவு முழுக்கத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாதங்களில் பத்து மணிக்கு முன் வானம் முழுதாக இருட்டாது, பாதி நாள் இடி மேகம், மீதி நாள் புழுக்கம், கடிக்கிற மஞ்சள் ஈ. பிள்ளைகளோடும் அம்மாவோடும் அப்போது போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி இடம். இதில்தான் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். ஓகிஃபெனோக்கிக்கு மூன்று வாசல்கள். வடக்கே வேக்ராஸ் ஊர்ப் பக்கம் ஒன்று, கிழக்கே ஃபோக்ஸ்டன் ஊர்ப் பக்கம் ஒன்று, மேற்கே ஃபார்கோ ஊர்ப் பக்கம் ஒன்று. நடுவில் சதுப்பை வெட்டிப்போகும் சாலை கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். 2016இல் ஜார்ஜியாவின் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாகச் சான்று பெற்றது மேற்கு வாசலில் இருக்கும் ஸ்டீபன் சி. ஃபாஸ்டர் மாநிலப் பூங்கா. மேப்பில் வெறுமனே ஓகிஃபெனோக்கி என்று போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள், பூங்காவின் பெயரைப் போடுங்கள். ஐ-75 நெடுஞ்சாலையில் வால்டோஸ்டா ஊர்வரை இறங்கி, அங்கிருந்து கிழக்கே ஃபார்கோ. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஃபார்கோவைத் தாண்டியதும் காட்டுக்குள் பதினேழு பதினெட்டு மைல் ஒற்றைச் சாலை, எதிரே வண்டி வருவதே அபூர்வம். பாலும் தயிரும் பெட்ரோலும் வால்டோஸ்டாவிலேயே வாங்கிவிடுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

பூங்கா ஒரு தேசிய வனவிலங்குச் சரணாலயத்தின் உள்ளே இருப்பதால் இரவில் வாசல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்ற கணக்கு இங்கே நடக்காது. உள்ளே தங்க வேண்டும். காட்டேஜ்கள் கொஞ்சம்தான், அமாவாசை வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். கூடாரம் போடும் இடங்களும் உண்டு, ஆனால் அம்மா வருகிறார் என்பதால் காட்டேஜ்தான் சரி. எந்த மணிக்குள் உள்ளே வர வேண்டும் என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருள்வானப் பூங்கா என்ற சான்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதைக் கொடுப்பது அரிசோனாவின் டூசான் நகரில் 1988இல் தொடங்கிய ஓர் அமைப்பு. இப்போது டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் என்று பெயர். பூங்கா தன் விளக்குகளை மேலே ஒளி சிந்தாதபடி மூடி போட்டு, வெள்ளை ஒளியைக் குறைத்து, வானத்தின் இருட்டை அளந்து காட்டி, வருகிறவர்களுக்கு வானத்தைப் பற்றிச் சொல்லியும் தர வேண்டும். அப்போதுதான் சான்று. பூங்காவுக்கு வெளியே யார் என்ன விளக்குப் போடுகிறார்கள் என்பதை அந்தச் சான்றால் கட்டுப்படுத்த முடியாது. அப்படியென்றால் சுற்றிலும் ஏன் இருட்டாக இருக்கிறது?

எனக்கு இந்த இடத்தின்மேல் இவ்வளவு பற்று வரக் காரணமே இந்தக் கேள்விக்கான பதில்தான். அங்கே இருட்டைக் காத்துக்கொடுத்தது சதுப்பு.

பாலைவனங்கள் தண்ணீர் இல்லாததால் இருட்டாக இருக்கின்றன. இந்த இடம் தண்ணீர் வடியாததால் இருட்டாக இருக்கிறது. மக்கிப் போகாத இலையும் வேரும் தண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் படிந்து, பீட் என்று சொல்கிற பஞ்சு மண்ணாகிக் கிடக்கின்றன. சில இடங்களில் அது 15 அடி ஆழம். உள்ளே உருவாகும் வாயு அதைப் பெயர்த்து மேலே மிதக்கவிடும். மிதக்கிற அந்தத் திட்டில் புல் முளைக்கும், புதர் வரும், பிறகு மரமே வந்து நிற்கும். அதன்மேல் ஓங்கி மிதித்தால் பக்கத்து மரம் ஆடும். ஓகிஃபெனோக்கி என்ற பெயரைப் பூர்வகுடி மொழியிலிருந்து வந்த, நடுங்கும் நிலம் என்று பொருள்படும் சொல்லாகவே அங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

இதை வடித்துவிட முயன்றவர்கள் உண்டு. 1891இல் ஹாரி ஜாக்சன் என்ற அட்லாண்டா வழக்கறிஞரின் நிறுவனம் கிழக்குப் பக்கத்திலிருந்து கால்வாய் வெட்டத் தொடங்கியது. தண்ணீரை வெளியேற்றி, சைப்ரஸ் மரங்களை வெட்டி விற்று, காய்ந்த நிலத்தில் நெல்லும் கரும்பும் பருத்தியும் போடுவது திட்டம். சுமார் 12 மைல் வெட்டினார்கள். சதுப்பு வடியவில்லை. 1895இல் ஜாக்சன் இறந்தார், நிறுவனம் நொடித்தது. அந்தக் கால்வாயில்தான் இன்று கிழக்கு வாசலில் இருந்து படகு விடுகிறார்கள். அடுத்து வந்த ஹெபார்டு மரக் கம்பெனி 1909 முதல் 1927வரை தண்ணீருக்குள் கட்டை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டுப் பழைய சைப்ரஸ்களை வெட்டித் தீர்த்தது. நீங்கள் தங்கப் போகும் பூங்காவிலிருந்து படகில் போகும் தூரத்தில் பில்லீஸ் ஐலண்ட் என்ற தீவு இருக்கிறது. மரம் வெட்டிய காலத்தில் அங்கே சுமார் 600 பேர் குடியிருந்தார்கள். கடை, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகைகூட இருந்தது. இப்போது காட்டுக்குள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள்தான் மிச்சம். 1937இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 1974இல் அதன் பெரும்பகுதியை மனிதத் தலையீடு கூடாத வனமாக ஒதுக்கினார்கள். பகலில் பிள்ளைகளை அந்தத் தீவுக்கு அழைத்துப் போய் அந்தத் துருவைக் காட்டுங்கள். விளக்கெரிந்த ஊர் ஒன்று இருந்த இடத்துக்குமேல் இன்று ராத்திரி என்ன தெரிகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

அண்மைக் காலத்திலும் ஒரு கவலை இருந்தது. சதுப்பின் கிழக்கு ஓரமாக டிரெய்ல் ரிட்ஜ் என்ற மணல்மேடு நீளமாக ஓடுகிறது. அதில் டைட்டானியம் தாது எடுக்கத் திட்டமிட்டார்கள். நீர்மட்டம் இறங்கிவிடும், இரவு விளக்குகளால் இருட்டும் கெடும் என்று பல ஆண்டுகள் எதிர்ப்பு நடந்தது. 2025இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நிலத்தை விலைக்கு வாங்கியதும் அந்தத் திட்டம் நின்றது. அந்தச் செய்தி வந்த அன்று நான் உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கினேன்.

சரி, வானத்துக்கு வருவோம். நவம்பர் நடுவாக்கில் அங்கே ஐந்தரை மணிக்குச் சூரியன் மறையும், ஏழு மணிக்கெல்லாம் முழு இருட்டு. பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான நேரம் வேறு மாதங்களில் கிடைக்காது. வானத்தின் இருட்டை ஒன்று முதல் ஒன்பதுவரை அளக்கும் போர்ட்டில் அளவு என்று ஒன்று உண்டு, ஒன்று என்றால் மிக இருட்டு. நீங்கள் இருக்கும் அட்லாண்டா புறநகரை ஏழு எட்டு என்று வைத்தால், இந்த இடம் என் கண் மதிப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே. தென்கிழக்கில் ஜாக்சன்வில் நகரின் வெளிச்சம் அடிவானத்தில் லேசாகப் பூசினாற்போல் தெரியும், மேற்கே வால்டோஸ்டா அதைவிடக் குறைவு. தலைக்குமேல் சுத்தமாக இருக்கும்.

ஏழு மணிக்கு வெளியே வந்ததும் எதையும் தேடாதீர்கள். இருபது முப்பது நிமிடம் சும்மா உட்காருங்கள். கண்ணின் விழித்திரையில் மங்கிய ஒளியைப் பார்க்கும் செல்களில் ஒரு நிறமி ஊற வேண்டும். அதற்கு அவ்வளவு நேரம் ஆகும். ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. எல்லா டார்ச்சுக்கும் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். கார்ச் சாவியை அம்மாவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தினால் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து அந்தப் பக்கம் இருக்கிற எல்லோருடைய அரைமணி நேரமும் போய்விடும்.

அப்புறம் பாருங்கள். மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களில் இடப்பக்கம் இருப்பது திருவோணம், வலப்பக்கம் வெள்ளையாக மின்னுவது அபிஜித். அவற்றுக்கு நடுவிலிருந்து பால்வீதி கிளம்பித் தலைக்குமேல் ஏறி, வடகிழக்கே இருக்கும் கசியோப்பியா என்ற கோணல்மாணல் எழுத்துப் போன்ற ஐந்து நட்சத்திரங்கள் வழியாகப் போகும். ஒன்பதரை வாக்கில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு மங்கலான நீள்வட்டப் புகை தெரியும். நேராகப் பார்த்தால் மறையும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். அது ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். வெறுங்கண்ணால் மனிதர் எளிதாகப் பார்க்கக்கூடியவற்றில் மிகத் தொலைவானது அதுதான். உங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கடைசியில் காட்டுங்கள், கண் பழகியிருக்கும்.

கிழக்கே கார்த்திகை. இதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் ஆறு மீனையும் எண்ணிக்காட்டுவார். இங்கே கண் நன்றாக இருக்கும் பிள்ளைகள் எட்டு ஒன்பதுகூட எண்ணுவார்கள். அதற்குக் கீழே ரோகிணி, எட்டரை மணிக்குமேல் திருவாதிரை, பிறகு மிருகசீரிடத்தை ஒட்டிய மூன்று நட்சத்திர வரிசை. அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: இவையெல்லாம் ஊரில் பார்த்ததைவிடத் தென்திசைக்கு நெருங்கின வானத்தில் தெரியும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10.8 பாகை வடக்கு, இந்தப் பூங்கா 30.8 பாகை. சரியாக இருபது பாகை வித்தியாசம். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து பாகை. ஊரில் ஒரு முஷ்டி உயரத்தில், தென்னைகளுக்குப் பின்னால் கிடக்கும் துருவ நட்சத்திரம் இங்கே மூன்று முஷ்டி உயரத்தில் நிற்கும். பதிலுக்குத் தெற்கே இழப்பு. அகத்தியர் நட்சத்திரம் தஞ்சாவூரில் 26 பாகைவரை ஏறும், இங்கே அதிகபட்சம் ஆறரை பாகை. அதுவும் நவம்பரில் விடிகாலை மூன்று மணிக்குமேல். பூங்காவைச் சுற்றியிருக்கும் பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் அதை மறைத்துவிடும். பிப்ரவரியில் இரவு ஒன்பதரைக்கே அந்த உயரத்துக்கு வந்துவிடும், ஆனால் அதற்கும் தெற்கே திறந்த வெளி வேண்டும்.

அந்தத் திறந்த வெளி சதுப்பின் உள்ளே இருக்கிறது. மரமில்லாத, புல்லும் அல்லியும் மிதக்கும் நீர்ப்பரப்புகளை அங்கே பிரெய்ரி என்று சொல்கிறார்கள். வறட்சிக் காலத்தில் பீட் எரிந்து பள்ளமாகி, பிறகு தண்ணீர் நிறைந்த இடங்கள் அவை. ஒரு வகையில் தீதான் அந்தக் காட்டில் வானத்தைத் திறந்து வைத்தது. 2011இல் மின்னல் விழுந்து பற்றிய தீ மூன்று லட்சம் ஏக்கருக்குமேல் எரித்தது. 2017இல் இன்னொன்று, ஒன்றரை லட்சம் ஏக்கர். துடுப்புப் படகில் போய்ப் பிரெய்ரிகளின் நடுவே மர மேடையில் இரவு தங்க அனுமதி வாங்கலாம். இருட்டுவதற்கு முன்பே மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், விடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். நான் ஒரு முறை சேஸ் பிரெய்ரி ஓரத்து மேடையில் தங்கியிருக்கிறேன், நாலு பக்கமும் அடிவானம்வரை மரமே குறுக்கிடவில்லை. இந்தத் தடவை உங்களுக்கு அது வேண்டாம். பிள்ளைகள் நாலைந்து மணி நேரம் துடுப்புப் போடும் வயதுக்கு வரட்டும்.

இப்போதைக்குப் படகுத்துறையை ஒட்டி மரங்கள் விலகின இடமே போதும். அங்கே தண்ணீர் கறுப்பு. அழுக்கு என்று நினைக்காதீர்கள். இலைகளின் துவர்ப்புச் சத்து ஊறி, பால் விடாத கட்டன் டீ நிறத்தில் இருக்கும். இரவில் காற்று நின்றால் கண்ணாடி. சதுப்பில் நட்சத்திரம் தண்ணீரில் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் முறை போனபோது நான் காலடியில் குனிந்து பார்த்து ஒன்றும் தெரியாமல் ஏமாந்தேன். காரணம் எளிது. நேர் கீழே பார்க்கும்போது தண்ணீர் நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. பார்வை சாயச் சாய அது கூடும். அடிவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்துக்கு நூற்றில் ஆறு பங்கு, பத்து பாகையில் இருப்பதற்கு முப்பத்தைந்து பங்குவரை. ஆகவே தூரத்துத் தண்ணீரில், தாழ்ந்த, பிரகாசமான நட்சத்திரங்களைத் தேடுங்கள். பத்து மணி வாக்கில் தென்கிழக்கில் சிரியஸ் எழும். நீர்ப்பரப்பு அந்தப் பக்கம் திறந்திருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாக நிற்கும். சின்னவள் தண்ணீருக்குள் லைட் போட்டது யார் என்று கேட்பாள்.

தண்ணீர் ஓரம் என்றதும் முதலை ஞாபகம் வந்திருக்கும். அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. பகலில் படகுத்துறையிலேயே பார்ப்பீர்கள். நவம்பர்க் குளிரில் மந்தமாக இருக்கும், ஆனாலும் இருட்டில் நீரின் விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது. நாற்காலிகளைத் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடான புல்வெளியில் போடுங்கள். உட்காரும் முன் ஒரே ஒரு தடவை வெள்ளை டார்ச்சைத் தண்ணீர்மேல் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் முதலைக் கண்கள் கங்குபோலச் சிவப்பாக மின்னும். எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்குப் பயம் குறையும். அதே டார்ச்சைப் புல்லில் அடித்தால் பச்சை வைரப்பொடி தூவினாற்போல் மினுங்கும், அவை சிலந்திகளின் கண்கள். எதற்கும் தீனி போடக் கூடாது, அது சட்டப்படியும் குற்றம். இரவில் நடந்து போகும்போது மட்டும் சிவப்புத் தாளை எடுத்துவிட்டுக் காலடியில் வெள்ளை ஒளி அடித்து நடங்கள். விஷப் பாம்புகள் உள்ள இடம். கண் பழகியது போனால் அரைமணியில் திரும்ப வந்துவிடும்.

உண்மையில் அங்கே நட்சத்திரம் பார்ப்பதைக் கெடுப்பது பனி. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெளிந்த வானத்தின்கீழே வைத்த கண்ணாடி தன் சூட்டை மேல்நோக்கி இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். சதுப்பில் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது, கொஞ்சம் குளிர்ந்தாலே துளி கட்டும். பைனாகுலர் பத்து நிமிடத்தில் மங்கும், டெலஸ்கோப்பின் முன் கண்ணாடி அரைமணியில் பால் ஊற்றியதுபோல் ஆகும். மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். துணியால் துடைத்தால் கீறல்தான் விழும். பைனாகுலரைப் பார்க்காத நேரத்தில் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் சுற்றி வைத்தாலும் போதும். ராத்திரி காட்டேஜுக்குள் கொண்டுபோகும் முன் மூடி போட்டுப் பையில் வைத்து மூடிவிடுங்கள். கோடையில் ஏசி அறையிலிருந்து அப்படியே வெளியே எடுத்தால் ஒரே நொடியில் வியர்த்துவிடும், அதற்கும் இதே வழிதான்.

இதனால்தான் டெலஸ்கோப் வாங்க வேண்டாம் என்கிறேன். முதல் பயணத்தில் அதைத் துடைப்பதும் திருப்புவதுமாகவே நேரம் போகும். பத்துக்கு ஐம்பது (10x50 என்று போட்டிருக்கும்) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். கார்த்திகைக் கூட்டம், ஆண்ட்ரோமீடா, கசியோப்பியாவுக்குக் கீழே இருக்கும் இரட்டை நட்சத்திரக் கொத்து, நள்ளிரவில் மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே தொங்கும் நெபுலா என்ற வாயு மேகம் எல்லாம் அதில் தெரியும். எல்லோர் கையிலும் மாறி மாறிப் போகும். பூங்காவில் வானம் காட்டும் நிகழ்ச்சி அன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் பெரிய டெலஸ்கோப்பில் பார்த்துவிடலாம். போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் டிரைபாடை மண்ணில் ஊன்றுங்கள். மர நடைமேடையில் வைத்தால் யாராவது பத்தடி தள்ளி நடந்தாலே நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்திருக்கும்.

கொசு நவம்பரிலும் கொஞ்சம் இருக்கும், குளிர்ந்த இரவுகளில் அடங்கிவிடும். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை அரிக்கும், அந்தக் கையோடு பைனாகுலரைத் தொட்டால் ரப்பரும் பூச்சும் கெடும். பிகாரிடின் கலந்தது வாங்குங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். தீபாவளி வருவதே ஐப்பசி அமாவாசையை ஒட்டித்தான், ஆகவே அதற்குப் பக்கத்து வார இறுதியும், நாலு வாரம் கழித்து வரும் அடுத்த அமாவாசையும் உங்களுக்கு உகந்தவை. திருக்கார்த்திகை விடுமுறையாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், அன்று பௌர்ணமி. அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே, வடக்கிலிருந்து குளிர்காற்று வீசி மழை கடந்துபோன மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் பொன்னான இரவுகள். காற்றில் ஈரம் குறைந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர்மேல் மூடுபனி எழ ஆரம்பித்துவிடும். கிளம்புமுன் சரணாலயத்தில் தீ வைத்துக் காட்டைச் சுத்தம் செய்கிறார்களா, எங்காவது புகை இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி, கம்பளி, குல்லா, பிளாஸ்கில் சுக்குக் காப்பி. தெற்கு ஜார்ஜியா என்றாலும் நவம்பர் இரவில் ஈரக்குளிர் எலும்பில் இறங்கும், ஊர் மார்கழியைவிடக் கடுமை. ஆந்தைகள் மிக அருகில் அலறும். அபசகுனம் என்று அவர் எழுந்து போய்விடக் கூடாது, பகலிலேயே சொல்லிவையுங்கள். தவளைச் சத்தம் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பத்தரைக்கு மேல் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நீங்களும் தூங்குங்கள். நாலே முக்காலுக்கு அலாரம் வைத்து அம்மாவை மட்டும் எழுப்புங்கள். நவம்பர் மாலையில் வடக்கு மரங்களுக்குக் கீழே மறைந்திருந்த சப்தரிஷி அந்நேரம் வடகிழக்கில் செங்குத்தாக ஏறி நிற்கும். அதன் வாலில் நடுவில் இருக்கும் நட்சத்திரத்தை ஒட்டி அருந்ததி. ஐந்தரைக்கு வெளுக்கத் தொடங்கிவிடும், அதற்குள் காட்டிவிடுங்கள். கல்யாணத்தன்று அம்மிமேல் கால் வைத்து, பந்தலுக்கு வெளியே யாரோ கை காட்டிய பக்கம் பார்த்துத் தெரிகிறது என்று தலையாட்டியிருப்பார். இங்கே அது உண்மையிலேயே தெரியும்.